ஐந்தங்குல ஏரா

தேங்காய்ப்பட்டணம்
12.06.2024

டீச்சருக்கு,

ஏழு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். ஒன்றையும் நீ கேட்கவில்லை. என் அக்கா பெபிஷாவிடம், "அவருக்க மெசேஜுல பாதி இருமல், பாதி கெட்ட வார்த்தை. சொல்லவேண்டியத எழுதி அனுப்பச் சொல்லுங்க மைனி" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாய். தாலி கட்டினவனை போனில் பிளாக் செய்துவிட்டு தபால்காரரை நம்புகிற பொம்பளை இந்த ஜில்லாவிலேயே நீ ஒருத்திதான் இருப்பாய். சரி, எழுதுகிறேன்.

நேசமணியின் போட்டு ஜூலை 25, வியாழக்கிழமை ஆற்றில் இறங்குகிறது. மீன்பிடித் தடைக்காலம் முடிகிற அன்றே கடலுக்குப் போகவேண்டும் என்று அவன் நிலத்தில் நிற்காமல் குதிக்கிறான். நம் யார்டு வழக்கம் உனக்குத் தெரியும். கட்டியவனும் அவன் வீட்டுக்காரியும் முதலில் ஏறி ஆற்றில் ஒரு சுற்று வரவேண்டும். அதற்குப் பிறகுதான் முதலாளி உட்பட மற்ற எவனும் காலை வைப்பான். பதினெட்டு போட்டுக்கு நீ ஏறியிருக்கிறாய். பத்தொன்பதாவதுக்கு நீ இல்லையென்றால், கட்டியவன் பெண்டாட்டியே ஏறாத போட்டில் நாங்கள் ஏன் ஏறவேண்டும் என்று கடலுக்குப் போகிற எட்டு பேரும் கேட்பார்கள். ஆளில்லாத போட்டை நேசமணி எடுக்க மாட்டான்.

அரைமணி நேர வேலை. வந்து ஏறி, பல்லைக் காட்டி, இறங்கிப் போய்விடு. அந்த அரைமணி நேரத்தில் குலசேகரத்தில் உன் அம்மா வீட்டு ரப்பர் மரங்கள் ஓடிப்போய்விடாது.

மே மாதம் நடந்ததை இன்னும் மனதில் வைத்துக்கொண்டுதான் முகத்தைத் தூக்கிவைத்திருக்கிறாய் என்றால், நான் என்ன பொய்யா சொன்னேன்? பள்ளிக்கூடம் லீவு என்று யார்டுக்கு வந்தாய். கொத்தனாரிடம் இரவல் வாங்கிய தூக்குக்குண்டை போட்டின் விலாச் சட்டத்தில் தொங்கவிட்டாய். ஐந்தடி உயரத்தில் நூல் மூன்று அங்குலம் விலகி நின்றது. உடனே, "ஒரு சட்டங்கூட செங்கோணத்துல இல்ல" என்று நேசமணியின் காது கேட்கச் சொன்னாய். அடி டீச்சரே, யார்டின் தரையே ஆற்றைப் பார்த்து இருபதடிக்கு ஓரடி சரிந்து கிடக்கிறது. அதன்மேல் கிடக்கிற அடிக்கட்டையான ஏராவும் அதே சரிவில்தான் கிடக்கும். சட்டம் ஏராவோடு செங்கோணத்தில் நிற்கவேண்டும், பூமியோடு அல்ல. போட்டு தண்ணீரில் இறங்கி ஏரா மட்டமானால் சட்டமும் தானே நிமிர்ந்துகொள்ளும். எட்டாம் வகுப்போடு நிறுத்திய நம் தச்சன் தாணுவுக்குத் தெரிந்தது எம்.எஸ்ஸி. பி.எட்.டுக்குத் தெரியவில்லை. பதினாலு பேர் நின்றார்கள், பதினாலு பேரும் சிரித்தார்கள். சிரிக்காமல் கும்பிடவா செய்வார்கள்?

25ஆம் தேதி காலை எட்டு மணிக்குள் வந்துவிடு.

ஜெனின்


குலசேகரம்
17.06.2024

படகு கட்டும் திரு. ஜெனின் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அழைப்பா, மிரட்டலா என்று இரண்டு முறை படித்தும் பிடிபடவில்லை.

தூக்குக்குண்டு விஷயத்தில் நான் தப்புப் பண்ணினேன். அன்று அம்மா வீட்டுக்கு நான் ஏறிய பஸ் கருங்கலைத் தாண்டுவதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. தூக்குக்குண்டு பூமியைக் கேட்டுப் பதில் சொல்லும், ஏராவைக் கேட்டுச் சொல்லாது. செங்கோணம் என்றால் எந்தக் கோட்டோடு என்று முதலில் கேள் என்று வருஷாவருஷம் ஒன்பதாம் வகுப்பில் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அதை நானே மறந்தேன். தப்பு தப்புதான். அன்றே தனியாக என்னிடம் சொல்லியிருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன்.

நீங்கள் அப்படி விடவில்லை. சர்ச்சின் ஆண்கள் ஐக்கிய சங்கத்தில் சொன்னீர்கள். டீக்கடையில் சொன்னீர்கள். கருங்கல் கல்யாண வீட்டில், நான் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்துப் பந்தியில் நடித்தே காட்டினீர்கள். இப்போது எனக்கு ஊரில் 'தூக்குக்குண்டு டீச்சர்' என்று பெயர். போன வாரம் பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஒரு மனிதர், "தூக்குக்குண்டு டீச்சருக்க கிளாஸ் எது?" என்று என்னிடமே வந்து கேட்டார். கையைக் காட்டி அனுப்பினேன்.

போகட்டும். அன்று நான் சொன்னது ஒன்றல்ல, இரண்டு. உங்களுக்கு மறந்திருக்கும், நான் நினைவுபடுத்துகிறேன். தூக்குக்குண்டைப் பற்றி நான் சொன்னபோது யாருமே சிரிக்கவில்லை. பிறகு குனிந்து ஏராவைத் தொட்டுப் பார்த்தேன். "போன போட்டுக்கு இது அடியில ஒரு அடிக்கு மேல தொங்கிச்சே, இதுக்கு என்ன என் கை அகலந்தான் இருக்கு?" என்று கேட்டேன். அப்போதுதான் நீங்கள் சிரிக்க ஆரம்பித்தீர்கள். ஏராவுக்குப் பதில் வரவில்லை, தூக்குக்குண்டுக்குச் சிரிப்பு வந்தது.

என் கைக்கணக்கு ஐந்து அங்குலம். நாற்பத்தைந்தடி நீளப் போட்டுக்கு ஐந்து அங்குல ஏரா. இதற்கு ஒரு பதில் எழுதுங்கள். அதுவரை நான் ஏறுவதாக இல்லை.

பெமிலா


தேங்காய்ப்பட்டணம்
22.06.2024

டீச்சருக்கு,

ஆமாம், ஐந்து அங்குலம்தான். ஒளித்துவைக்க அதென்ன திருட்டு நகையா?

நேசமணி கேட்டான், வைத்தேன். ஆனி ஆடியில் முகத்துவாரத்தில் மணல் ஏறிக் கிடக்கிறது. ஏரா ஆழமாகத் தொங்கினால் மணலில் தட்டும். தட்டி நின்ற போட்டை அலை குறுக்கே தள்ளும். தள்ளினால் என்ன ஆகும் என்று இந்தக் கரையில் எந்த வீட்டிலும் போய்க் கேள், சொல்வார்கள். ஏராவைக் குறைத்தால் மணலுக்கு மேலே வழுக்கிக்கொண்டு போய்விடலாம் என்றான். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. உனக்கு அது விளங்காது. உன் பள்ளிக்கூடத்தைச் சுற்றி மணல் இல்லை, ரப்பர் பால்தான் இருக்கிறது.

கட்டுமரத்துக்கு எங்கே இருக்கிறது ஏரா? முட்டத்தில் கரையில் இழுத்துப் போடுகிற வள்ளத்துக்கு எத்தனை அடி ஏரா? அவர்களெல்லாம் கடலுக்குப் போகாமல் வீட்டில் சீட்டாடுகிறார்களா?

நீ கரும்பலகையில் முக்கோணம் வரைகிறவள். வரைந்த இடத்திலேயே அது சாகும்வரை நிற்கும். எனக்குப் பதினெட்டு போட்டு கடலில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு போட்டில் ஒரு ஆணியையாவது நீ அடித்திருக்கிறாயா? ஆணி வேண்டாம், ஒரு பலகையையாவது மறுமுனையில் பிடித்திருக்கிறாயா? எட்டிப் பார்த்து குற்றம் சொல்வதற்குச் சம்பளமும் பென்ஷனும் உன்னைப்போன்றவர்களுக்குத்தான் கிடைக்கும்.

நீ வரவேண்டாம். பெபிஷா அக்கா ஏறுவாள். அவளும் என் வீட்டுக்காரிதான், என் கூடப்பிறந்தவள். வழக்கத்தில் பெண்டாட்டிதான் என்று எவனும் கல்லில் வெட்டிவைக்கவில்லை.

ஜெனின்


குலசேகரம்
29.06.2024

படகு கட்டும் திரு. ஜெனின் அவர்களுக்கு,

கட்டுமரத்துக்கு ஏரா இல்லை, மெய்தான். கட்டுமரத்தின்மேல் எவராவது மாடிவீடு கட்டியிருக்கிறார்களா?

பெபிஷா மைனி ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்திருந்தார். நேசமணி போட்டின் மேலே கேபின் வைக்கிற கதையைச் சொன்னார். எட்டடி உயரமாம். ஏ.சி. வைக்கிறார்களாம். வீட்டுத் தச்சர்களை வரவழைத்து, நாலு மூலையும் மூலைமட்டம் வைத்துப் பார்த்து, கொஞ்சமும் பிசகாத செங்கோணமாம். துபாயில் பன்னிரண்டு வருஷம் கதவும் ஜன்னலும் வைத்த நேசமணிக்குச் செங்கோணம் என்றால் உயிராக இருக்கும். அதன் கூரைமேல் ஐஸ்பெட்டியும் வைக்கப்போகிறாராம். கீழே இருக்கவேண்டியதைச் செதுக்கி எறிந்துவிட்டு, மேலே இருக்கக்கூடாததை ஏற்றிவைக்கிறீர்கள். இதற்கு ஒரு முதலாளி, ஒரு மேஸ்திரி, பதினாலு ஆட்கள்.

என்னிடம் போட்டு இல்லை. பாக்குமரத்திலிருந்து விழுந்த ஒரு கமுகம்பாளை இருந்தது. நேற்று மாலை, எங்கள் பள்ளியில் இயற்பியல் எடுக்கும் பிரீனாவைக் கூட்டிக்கொண்டுவந்து, ரப்பர் ஷீட் கழுவுகிற தொட்டியில் அதை மிதக்கவிட்டேன். மேலே ஒரு தீப்பெட்டி நிறைய மணல். பக்கவாட்டில் டேபிள் ஃபேன். பாளை நண்டு மாதிரி ஒருக்களித்து ஓடியது, பிறகு சாய்ந்தது, பிறகு கவிழ்ந்தது. மூன்று தடவையும் அப்படியே. பிறகு அடியில் ஒரு தகரத்துண்டை நிறுத்தி, அதன் ஓரத்தில் நாலு ஆணியைக் கட்டினேன். ஃபேன் அதே ஃபேன். பாளை சாய்ந்தது, நிமிர்ந்தது. பக்கவாட்டில் ஓடுவதை நிறுத்திவிட்டு நேராகப் போனது. பிரீனா, "எக்கா, இத உங்க வீட்டுக்காரருக்கு வீடியோ எடுத்து அனுப்புங்க" என்றாள். உங்களை பிளாக் செய்திருக்கிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

ஏரா எதற்கு என்று உங்களுக்கே பாடம் எடுப்பது எனக்கு அசிங்கமாக இருக்கிறது, உங்களுக்கும் இருக்கவேண்டும். சட்டங்கள் எல்லாம் வந்து ஊன்றுகிற முதுகெலும்பு அது. காற்று பக்கத்திலிருந்து தள்ளும்போது தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பலகை அது. பாரம் கீழே இருக்கட்டும் என்று வைத்த கனமும் அதுதான். போட்டு எப்போதும் தண்ணீருக்குத் தொண்ணூறு பாகையில் நிற்காது. அலையில் எழுபதுக்குப் போகும், அறுபதுக்குப் போகும். போகட்டும். திரும்பித் தொண்ணூறுக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி. உங்கள் ஐந்து அங்குலம் அதைத் திரும்பக் கொண்டுவருமா?

மணலில் தட்டாமல் போக, தண்ணீர் ஏறுகிற நேரம் பார்த்துப் போனால் போதும். பதினெட்டு போட்டும் அப்படித்தான் போகின்றன. நேசமணிக்கு அந்த இரண்டு மணி நேரம் காத்திருக்கப் பொறுமையில்லை என்றால், அதற்கு ஏராவை ஏன் வெட்டவேண்டும்?

பெமிலா


தேங்காய்ப்பட்டணம்
06.07.2024

பெமிலா,

கமுகம்பாளையில் கப்பல் விட்ட வீராங்கனைக்கு வணக்கம். அடுத்து தேங்காய்ச் சிரட்டையில் ராக்கெட் விடுவாயாக்கும்.

என் அக்காவுக்கு நீ என்ன ஓதினாயோ தெரியவில்லை. ஏறமாட்டேன் என்கிறாள். "பெமிலா ஏறாத போட்டுல எனக்கு என்னத்துக்குலே சோலி? அவ கணக்குப் பாக்காம ஒண்ணுஞ் சொல்லமாட்டா" என்கிறாள். கூடப்பிறந்தவள்! சின்ன வயசில் என்னைத் தோளில் ஏற்றி மாங்காய் பறித்தவள்! உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து எனக்கு வெப்ராளமும் எரிச்சலுமாக வருகிறது.

தாணு தினமும் காலையில் உளியைக் கையில் எடுத்ததும் கேட்கிறான்: "டீச்சர் வருவாவல்லா மொதலாளி?" நான் வருவாள் என்கிறேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் ஏராவைப் பார்க்கிறான். நேசமணியும் கேட்டான். உனக்குச் சிக்குன்குனியா, மூட்டெல்லாம் வீங்கிப் படுத்திருக்கிறாய், 25ஆம் தேதிக்குள் எழுந்துவிடுவாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதைப் பொய்யாக்கிவிடாதே.

கேபினில் ஓரடி குறைக்கச் சொல்லிப் பார்க்கிறேன். அவன் கேட்பான் என்று தோன்றவில்லை. நீ ஒன்றும் சொல்லவேண்டாம், சிரிக்கக்கூட வேண்டாம். ஏறி இறங்கு, அவ்வளவுதான். ஆறு அமைதியாகத்தான் இருக்கும். நேசமணி இந்தப் போட்டை வேண்டாம் என்று விட்டுப் போனால் இனி இந்த யார்டுக்கு ஒருவனும் வரமாட்டான். இருபது வருஷம் இதில் கிடந்து தேய்ந்திருக்கிறேன் என்பதாவது உனக்குத் தெரியும்தானே.

ஜெனின்


குலசேகரம்
11.07.2024

திரு. ஜெனின் அவர்களுக்கு,

செவ்வாய்க்கிழமை நேசமணியின் மனைவி பள்ளிக்கு போன் செய்தார். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டுக் கொடுத்தார். "டீச்சருக்கு மூட்டு வீக்கம் வடிஞ்சுதா?" என்று கேட்டார். ஒரு கையில் சாக்பீஸும் இன்னொரு கையில் எட்டாம் வகுப்பு நோட்டுகளுமாக நின்றுகொண்டு, "வடிஞ்சுது" என்றேன். உங்களுக்காக நான் சொல்கிற கடைசிப் பொய் அது.

இத்தனை நாள் உங்களை ஒன்றும் தெரியாதவர் என்று நினைத்து எழுதிக்கொண்டிருந்தேன். தாணு ஏராவைப் பார்க்கிறான் என்று நீங்களே எழுதிய வரியைப் படித்ததும் விஷயம் விளங்கிவிட்டது. தாணுவுக்குத் தெரிந்திருக்கிறது. உங்களுக்கும் தெரிந்திருக்கிறது. பதினெட்டு போட்டு கட்டிய கைக்குத் தெரியாதா? முதல் நாள் ரம்பம் வைக்கும்போதே தெரிந்திருக்கும்.

நான் தூக்குக்குண்டில் தப்புப் பண்ணினேன், தெரியாமல். நீங்கள் ஏராவில் பண்ணியது தெரிந்தே. நேசமணி முறைத்தால் இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை, அதனால் பண்ணியது. தெரியாதவரை மன்னிக்கலாம், சொல்லிக்கொடுக்கலாம். உங்களை நான் என்ன செய்ய? கேவலமாக இருக்கிறது எனக்கு. உங்கள் கையெழுத்தைக் கவரின்மேல் பார்த்தாலே கேவலமாக இருக்கிறது.

ஆறு அமைதியாகத்தான் இருக்குமாம். நான் ஏறுவது ஆற்றில், அரைமணி நேரம். அதைப் பார்த்து நம்பி அந்த எட்டு பேர் ஏறப்போவது கடலில், பத்து நாள். எட்டு பேருக்கும் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும் என்கிறீர்கள். போடமாட்டேன். இது பற்றி இனி எழுதவேண்டாம்.

பெமிலா


தேங்காய்ப்பட்டணம்
27.07.2024

பெமிலா,

எழுதவேண்டாம் என்று சொன்னாய். எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழி.

25ஆம் தேதி போட்டு இறங்கவில்லை. அதற்கு ஐந்து நாள் முன்பே, சனிக்கிழமை காலையில், இன்ஜினைப் பார்க்கவேண்டும் என்று ஒரு சாக்குச் சொல்லி ஆற்றில் இறக்கினேன். நான், தாணு, இன்ஜின் டிரைவர் லிபின், மூன்று பேர்தான். வழக்கம் ஒன்றும் பார்க்கவில்லை. ஐஸுக்கும் வலைக்கும் பதிலாக மணல் மூட்டை ஏற்றினோம். நேசமணியின் ஐஸ்பெட்டி எவ்வளவு கனமோ அவ்வளவு மூட்டையைக் கேபின் கூரைமேல் அடுக்கினோம். உன் கமுகம்பாளைக் கதை பொய் என்று காட்டத்தான் இறங்கினேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

நேராகப் போனவரை கொள்ளாம், ஒரு குறையும் இல்லை. ஆற்றின் வளைவில் குறுக்கே திருப்பச் சொன்னேன். பெருங்காற்றுகூட இல்லை, சாதாரணக் காற்று. சாய்ந்தது. சாய்ந்துகொண்டே போனது. கேபின் கதவு தானாகத் திறந்து அடித்தது. எனக்குத் தொண்ணூறும் தெரியவில்லை எழுபதும் தெரியவில்லை, ஆற்றுத்தண்ணீர் விளிம்பைத் தாண்டி என் காலுக்கு வந்ததுதான் தெரிந்தது. போட்டு அப்படியே நின்றது. நிமிரவில்லை. தாணு, "எம் பகவதியே, இந்தப் பக்கம் ஓடி வாங்கலே!" என்று அலறினான். மூன்று பேரும் மறுபக்கம் ஓடி விழுந்தோம். லிபின் ஓடுகிற ஓட்டத்தில் இன்ஜினை நிறுத்தியிருக்கிறான். அதற்குப் பிறகுதான் பைய நிமிர்ந்தது.

தானாக நிமிரவில்லை பெமிலா. நாங்கள் முழித்திருந்து ஓடினதால் நிமிர்ந்தது. நடுக்கடலில் எட்டு பேரும் படுத்துத் தூங்கும்போது எவன் ஓடுவான்?

அன்று சாயங்காலமே இழுத்துக் கரையேற்றினேன். ஏராவுக்கு அடியில் இன்னொரு கட்டை சேர்த்து, பதினாலு அங்குலமாக்கி, போல்ட் போடுகிறேன். கேபினை மூன்றடி அறுத்தாயிற்று, ஐஸ்பெட்டியைக் கீழே கொண்டுபோகிறேன். நேசமணி யார்டுக்கு வந்து என் அப்பன் தாத்தாவரை எல்லோரையும் இழுத்துப் பேசினான். சீசன் முதல் நாள் போயிற்று என்று காறித் துப்பினான். ஏரா இல்லாமல் போட்டு என் யார்டைவிட்டுப் போகாது என்று சொன்னேன். மே மாதம் சொல்லவேண்டியது.

இன்னொன்று. அன்று நான் ஏன் சிரித்தேன் என்று உனக்குச் சொல்லவேண்டும். நீ குனிந்து ஏராவைத் தொட்டதும் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். நேசமணி பக்கத்தில் நின்றான். இந்தப் போட்டு கவிழும் என்று அடுத்து நீ சொல்வாய், அவன் முன்னால் நான் பதில் சொல்லவேண்டிவரும் என்று எனக்குத் தெரியும். தூக்குக்குண்டு தொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். சங்கத்திலும் டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் சொன்னதும் அதற்குத்தான். தூக்குக்குண்டு டீச்சர் இனி என்ன சொன்னாலும் எவனும் காது கொடுக்கமாட்டான் என்று கணக்குப் போட்டேன். எனக்கு வந்தது சிரிப்பு இல்லை, பயம். உன்னைக் கோமாளியாக்கி அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஜெனின்


குலசேகரம்
03.08.2024

திரு. ஜெனின் அவர்களுக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. திருப்பி அனுப்புகிறேன், இதோடு இருக்கிறது.

மூன்று பேரும் உயிரோடு வந்தீர்கள் என்பதில் எனக்கு நிம்மதி. அதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஓட்டையை அடைத்ததற்கு மாலை போடுவார்களா? ஏராவைச் சேர்ப்பது உங்கள் தொழில், செய்யுங்கள்.

கடைசிப் பத்தியை மட்டும் நாலைந்து தடவை படித்தேன். முதல் தடவை அழுகை வந்தது. இரண்டாவது தடவை கோபம் வந்தது. நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தது பதினாலு பேர் முன்னால். அதற்குப் பிறகு சங்கம், டீக்கடை, கல்யாண வீடு. ஒப்புக்கொள்வது மட்டும் ஒட்டிய கவருக்குள், ஒரே ஒருத்தியிடம். அவமானத்தை ஊருக்குப் பங்குவைத்துவிட்டு, மன்னிப்பை எனக்கு மட்டும் ரகசியமாகக் கொடுக்கிறீர்கள். எனக்கு எதற்கு அது? எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. தெரியாதது அந்தப் பதினாலு பேருக்கு.

பெற்றோர் கூட்டத்தில் அந்த மனிதர் கேட்டபோது நான் கையைக் காட்டினேன் என்று எழுதியிருந்தேன். என் வகுப்பைக் காட்டவில்லை. வெளிவாசலைக் காட்டி அனுப்பிவிட்டேன். பிறகு கழிப்பறையில் போய் நின்று முகம் கழுவினேன். இருபது வருஷமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன், ஒரு நாளும் வகுப்புக்குப் போகக் கூசியதில்லை. இப்போது கரும்பலகையில் செங்கோணம் வரையும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் வந்தாலும் கை நிற்கிறது. அதைத்தான் நீங்கள் எடுத்துக்கொண்டு போனீர்கள்.

கடைசிப் பத்தியை யார்டில் எல்லோர் முன்னாலும் வாசியுங்கள். நேசமணியும் இருக்கவேண்டும். முடியாவிட்டால் விடுங்கள், எனக்கு அதிசயமாக இருக்காது.

பெமிலா


தேங்காய்ப்பட்டணம்
12.08.2024

பெமிலா,

வாசித்தேன்.

இன்று காலை, டீக்கு நிறுத்துகிற நேரத்தில். நேசமணியைப் புது ஏராவைப் பார்க்க வா என்று கூப்பிட்டிருந்தேன். பதினாலு பேரும் இருந்தார்கள். பலகைக் குவியலில் ஏறி நின்றுகொண்டு கடிதத்தை எடுத்தேன். "என்ன மொதலாளி, பிரசங்கமா?" என்றான் லிபின். ஆமாம் என்றேன்.

'மாட்டிக்கொண்டேன்' என்ற இடம் வந்தபோது அதே வரியை இரண்டு தடவை வாசித்தேன். தாணு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தான். குடித்துவிட்டு மீதியையும் வாசித்தேன், 'ஒளிந்துகொண்டேன்' வரைக்கும். மடித்து சட்டைப்பையில் வைத்தேன்.  பிறகு தாணுதான் ஆரம்பித்தான். "அடப் பாவி மனுஷா, டீச்சரப் பயந்துல்லா அந்தச் சிரிப்புச் சிரிச்சிருக்கீரு!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். லிபின் சிரித்தான். ஒவ்வொருத்தனாகச் சிரித்தார்கள். ஒருவன் நான் அன்று சிரித்த மாதிரியே தலையை ஆட்டிக் காட்டினான். டீ கொண்டுவந்த கடைக்காரனும் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தான். நேசமணி ஒருத்தன்தான் சிரிக்கவில்லை. அவன் ஏராவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் பலகைமேலேயே நின்றேன். இறங்கத் தெரியவில்லை. காது சுட்டது. யாரையும் பார்க்காமல் தரையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்தேன். அன்று நீ தூக்குக்குண்டின் நூலைச் சுற்றிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாய். அதை நான் பார்த்தேன், பார்த்துக்கொண்டேதான் இன்னும் சத்தமாகச் சிரித்தேன். என்னைப் பார்த்து இவர்கள் சிரித்தது ஐந்து நிமிஷம் இருக்கும். உனக்கு மூன்று மாசம் ஆகிறது.

இதை ஒரு பெருமையாக எழுதவில்லை. இன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும்.

நேசமணியிடம் கடலுக்குப் போகிற எட்டு பேரும் பேசியிருக்கிறார்கள், ஏரா பதினாலு அங்குலம் இல்லாமல் ஏறமாட்டோம் என்று. அதனால் அடங்கிவிட்டான். ஆகஸ்ட் 22, வியாழக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு ஆற்றில் தண்ணீர் ஏறும்.

தேதியை மட்டும் சொல்கிறேன். வா என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை.

ஜெனின்


குலசேகரம்
17.08.2024

ஜெனின் அவர்களுக்கு,

வியாழக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆறரை மணி பஸ்ஸில் வருவேன்.

ஏறுவதற்கு முன் அடியில் குனிந்து பார்ப்பேன். எவ்வளவு நேரம் ஆனாலும் பார்ப்பேன். நேசமணி முகம் சுளித்தால் சுளித்துக்கொள்ளட்டும். சரியாக இருந்தால் ஏறுவேன், இல்லையென்றால் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பேன்.

வீட்டுக்கு வருவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்களும் அன்றைக்குக் கேட்கவேண்டாம்.

ஏறும்போது கை நீட்டாதீர்கள். எனக்கு ஏறத் தெரியும்.

பெமிலா